வீட்டிலேயே சீயக்காய்த் தூள், தலைக்கு எண்ணெய், செம்பருத்தித் தாளி: எதைப் போடலாம், எதை விடலாம்?

கேள்வி: குழந்தை பிறந்து நாலு மாதம் ஆகிறது. தலை சீவினால் கொத்துக் கொத்தாக முடி வருகிறது. கடை ஷாம்புவை விட்டுவிட்டு, தலைக்குத் தேவையானதை எல்லாம் வீட்டிலேயே இயற்கையாகச் செய்துகொள்ள ஆசை. வீடியோக்களில் இருபது, முப்பது மூலிகை சொல்கிறார்கள். உண்மையில் எவை வேண்டும்? நன்றாக வந்தால் தெரிந்தவர்களுக்கு விற்கவும் செய்யலாமா?

பதில்: முதலில் முடி கொட்டுவதைப் பற்றிப் பேசிவிடுவோம். அது தெளிவாகாமல் எந்த எண்ணெயைக் காய்ச்சினாலும் மனசு அதிலேயேதான் நிற்கும். கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் அதிகமாக இருப்பதால், வழக்கமாக உதிர வேண்டிய முடியும் உதிராமல் தலையிலேயே தங்கிவிடும். அந்த மாதங்களில் முடி அடர்த்தியாகத் தெரிந்திருக்குமே, அது இதனால்தான். பிரசவம் ஆனதும் ஈஸ்ட்ரோஜன் சட்டென்று இறங்கும். தங்கியிருந்த முடியெல்லாம் ஒரே சமயத்தில் ஓய்வு நிலைக்குப் போய், இரண்டு முதல் நாலு மாதத்துக்குள் மொத்தமாகக் கொட்ட ஆரம்பிக்கும். பெரும்பாலானவர்களுக்குக் குழந்தையின் முதல் பிறந்தநாளை ஒட்டிப் பழையபடி ஆகிவிடும். டெங்கு, டைஃபாய்டு மாதிரி கடும் காய்ச்சல் வந்து போன இரண்டு மூன்று மாதத்தில் முடி கொட்டுவதும் இதே வகைதான்.

ஆக, உங்கள் ஷாம்புவால் இது வரவில்லை. சீயக்காய்க்கு மாறுவதால் நிற்கப்போவதும் இல்லை. நம் ஊரில் பல கூந்தல் எண்ணெய்களுக்குப் பேர் வந்தது இப்படித்தான். நாலாம் மாதம் பயந்துபோய் ஏதோ ஒரு எண்ணெய் தேய்க்க ஆரம்பிப்பார்கள், எட்டாம் மாதம் கொட்டுவது தானாகவே அடங்கும், பெருமை முழுக்க எண்ணெய்க்குப் போய்விடும். உங்களுக்கு உடனே வேண்டியது ஒரு ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச் சேமிப்பு), டி.எஸ்.எச். (தைராய்டு) மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பிறகு இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டு கோளாறும் சகஜம். இரண்டுமே முடியைக் கொட்டவைக்கும். டாக்டர் கொடுத்த இரும்பு மாத்திரையை டீ, காபியோடு சேர்த்துப் போடாதீர்கள், உடம்பில் சேராது. வட்ட வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, வகிடு அகலமாகிக்கொண்டே போனாலோ, ஒரு வருஷம் தாண்டியும் நிற்காவிட்டாலோ தோல் மருத்துவரிடம் போக வேண்டும். அதை வீட்டுச் சமையலறையில் சரிசெய்ய முடியாது.

அப்படியானால் வீட்டில் ஏன் செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். வெளியே தெரிகிற முடி உயிரற்ற புரத இழை. அதை அழுக்கில்லாமல், சிக்கில்லாமல், உடையாமல் வைத்துக்கொள்ள வீட்டில் செய்யும் பொருட்கள் நன்றாகவே உதவும். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளர்கிறது. அதனால் நீளமான முடியின் நுனி மூன்று நாலு வருஷ வெயிலையும் சீப்பையும் பார்த்திருக்கும். அதைக் காப்பாற்றுவதுதான் பெரிய வேலை. இதற்கு இருபது மூலிகை வேண்டாம். அழுக்கு எடுக்க ஒன்று, உடையாமல் காக்க ஒரு எண்ணெய், வழவழப்புக்கு ஒன்று, இவ்வளவு போதும். ஒவ்வொரு பொருளும் எதற்கு என்று தெரிந்துகொண்டால் பட்டியல் தானாகவே சுருங்கிவிடும்.

அழுக்கு எடுப்பதில் சீயக்காயைத்தான் முதலில் சொல்வேன். அதன் நெற்றில் சபோனின் என்ற நுரைக்கும் பொருள் இருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கைப் பிடித்துத் தண்ணீரோடு இழுத்துக்கொண்டு போவது அதுதான். பூந்திக்கொட்டையிலும் அதுவே. சீயக்காய்க் கரைசல் லேசான அமிலத் தன்மை உள்ளது, தலைத்தோலும் அப்படித்தான். அமில, காரத் தன்மையை அளக்கும் பி.எச். கணக்கில் தோல் சுமார் 5.5. சோப்பு 9, 10 என்று காரத்தில் நிற்கும். காரம் பட்டால் முடியின் மேல் செதில்கள் தூக்கிக்கொள்ளும், முடி சொரசொரப்பாகிச் சிக்கு விழும். இன்னொன்றும் உண்டு. போர்வெல் தண்ணீரில் சோப்புப் போட்டால் கால்சியத்தோடு சேர்ந்து வெள்ளையாகத் திரிந்து முடியில் படியும். சபோனின் அப்படித் திரியாது. உப்புத் தண்ணீர் ஊர்க்காரர்களுக்கு இந்த வித்தியாசம் கைக்கே தெரியும். அதனால் ‘சீயக்காய் சோப்பு’ என்று கட்டியாக விற்பதை வாங்குமுன் யோசியுங்கள். சீயக்காய் சேர்த்திருந்தாலும் அது சோப்புதான், காரத் தன்மை போகாது.

ஷாம்புவை விஷம் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. நல்ல ஷாம்புவின் பி.எச். சீயக்காய்க்குப் பக்கத்திலேயே இருக்கும். சீயக்காய் நம் குளியலறையை விட்டுப் போனதற்கு முக்கியக் காரணம் நேரம்தான். கடலூரில் சின்னி கிருஷ்ணன் குடும்பத்தினர் வெல்வெட் ஷாம்புவைச் சின்ன பாக்கெட்டில் அடைத்து விற்றார்கள். அதே குடும்பத்திலிருந்து 1983-ல் சிக் ஷாம்பு வந்தது. சில்லறைக் காசுக்குப் பெட்டிக்கடையில் பாக்கெட் கிடைத்த பிறகு, காயவைத்து, அரைத்து, சலித்து வைக்க யாருக்கும் பொறுமை இல்லாமல் போனது. நீங்கள் திரும்ப அதைச் செய்யப்போகிறீர்கள் என்பதால் அந்தப் பொறுமை எங்கே தேவை என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒருவருக்குச் சில மாதம் வரும்படி ஒரு அளவு: சீயக்காய் அரை கிலோ, பச்சைப்பயறு 150 கிராம், வெந்தயம் 100 கிராம், கொட்டை நீக்கிய பூந்திக்காய்த் தோல் 50 கிராம், வாசனைக்குப் பூலாங்கிழங்கு 50 கிராம், நிழலில் காய்ந்த செம்பருத்தி இலையும் பூவுமாக இரண்டு மூன்று கைப்பிடி. அவ்வளவுதான். பயறு எண்ணெயை உறிஞ்சும், சீயக்காயின் கடுமையைத் தணிக்கும். வெந்தயமும் செம்பருத்தியும் வழவழப்புக்கு. வறண்ட முடியாக இருந்தால் பூந்திக்காயை விட்டுவிடுங்கள், அது அதிகமாக உலர்த்தும். எண்ணெய் வழிகிற தலையாக இருந்தால் கொஞ்சம் கூட்டலாம். ஆவாரம்பூ, ரோஜா மொட்டு, வெட்டிவேர், ஆரஞ்சுத் தோல் எல்லாம் மணத்துக்கும் மனசுக்கும். இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் குறை ஒன்றும் இல்லை.

நாட்டு மருந்துக்கடையில் ‘சீயக்காய்க்குச் சாமான்’ என்று கேட்டால் கார்போக அரிசி என்ற விதையையும் சேர்த்துப் பொட்டலம் கட்டித் தருவார்கள். அதை எடுத்துத் தனியே வைத்துவிடுங்கள். அதில் உள்ள சோராலன் என்ற பொருள் தோலில் பட்டு, அதன்மேல் வெயில் பட்டால், சிலருக்குத் தீக்காயம் மாதிரி சிவந்து கறுத்துப்போகும். வெண்புள்ளிக்கு மருத்துவர் மேற்பார்வையில் கொடுக்கிற சரக்கு அது, தினசரித் தலைக்குளியலுக்கு வேண்டவே வேண்டாம்.

சீயக்காய் வாங்கும்போது நெற்றைக் கையில் எடுத்து ஒடித்துப் பாருங்கள். ‘டக்’கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது என்று பொருள். ஓட்டை விழுந்து தூள் கொட்டினால் பூச்சி புகுந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். கையில் அள்ளிக் குலுக்கினால் உள்ளே விதை கலகலவென்று சத்தம் போடும் அளவுக்குக் காய வேண்டும். பயறையும் வெந்தயத்தையும்கூடக் காயவையுங்கள். செம்பருத்தி இலையை மட்டும் நிழலில். கொஞ்சம் ஈரம் இருந்தாலும் மிஷினில் அப்பிக்கொள்ளும், அரைத்த தூளும் டப்பாவில் கட்டி பிடித்துப் பூசணம் பூக்கும். கெட்டுப்போன சீயக்காய்த் தூளில் பெரும்பாலும் நடந்தது இதுதான்.

அரைப்பதற்கு மாவு மில்தான் வசதி. விதை கல் மாதிரி இறுகியிருக்கும், மிக்ஸி பிளேடு தாங்காது. வீட்டிலேயே அரைத்தாக வேண்டுமென்றால், நெற்றை இடித்து விதையை எடுத்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக அரையுங்கள். நுரைக்கிற சரக்கு தோலில்தான் இருப்பதால் விதையை எடுப்பதில் நஷ்டம் இல்லை. மில்லில் கொடுத்தால், சீயக்காய்க்குத் தனி மிஷின் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். மிளகாய் அரைத்த மிஷினில் அரைத்த சீயக்காயைத் தலையில் போட்டவர்கள் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டார்கள். அரைக்கும்போதும் சலிக்கும்போதும் மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள், தும்மல் நிற்காது. ஆஸ்துமா உள்ளவர்கள் அந்தப் பக்கமே வர வேண்டாம். குழந்தையை அடுத்த வீட்டிலோ மாடியிலோ விட்டுவிட்டுச் சலியுங்கள்.

சலிப்பதைப் பெரும்பாலானவர்கள் அலட்சியம் செய்கிறார்கள். மாவுச் சல்லடையில் ஒருமுறை சலித்ததோடு நிறுத்தாமல், மெல்லிய வேட்டித் துணியில் இன்னொருமுறை சலித்தெடுங்கள். சித்த மருத்துவத்தில் வஸ்திரகாயம் என்று சொல்வது இதைத்தான். ‘சீயக்காய் போட்டால் தலையில் திப்பி நிற்கிறது, முடி முரடாகிறது’ என்ற புகார் பாதிக்கு மேல் இந்த இடத்தில் தீர்ந்துவிடும். மிச்சமாகும் கப்பியைத் தூக்கிப் போடாமல் பாத்திரம் தேய்க்க வைத்துக்கொள்ளலாம். தூளைக் காற்றுப் புகாத டப்பாவில், ஈரக் கை படாமல் வைத்தால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் நன்றாக இருக்கும். அந்த டப்பாவைக் குளியலறையில் மட்டும் வைக்காதீர்கள். வாரத்துக்கு வேண்டியதைச் சின்னக் கிண்ணத்தில் எடுத்துப் போங்கள்.

பயன்படுத்துவதில் ஒரு பழைய பழக்கத்தை நான் இன்றும் விடாமல் பிடித்திருக்கிறேன்: வடிகஞ்சி. சோறு வடித்த கஞ்சி வெதுவெதுப்பாக இருக்கும்போது சீயக்காயைக் கரைத்து, கால் மணி நேரம் ஊறவிடுங்கள். கஞ்சியின் மாவுத் தன்மை முடியின்மேல் மெல்லிய உறையாக நின்று சிக்கைக் குறைக்கும். தோள் வரையுள்ள முடிக்கு மூன்று மேசைக்கரண்டித் தூள் போதும். குக்கரில் சோறு வைப்பவர்கள் வெந்நீரில் கரைத்துக்கொள்ளலாம். ஊறிய பிறகு ஒரு துணியில் பிழிந்து, அந்தச் சாற்றை மட்டும் தலையில் விட்டுத் தேய்த்தால் திப்பி பிரச்சினையே கிடையாது. ஷாம்பு மாதிரி பொங்கி நுரைக்காது, அதற்காக மேலும் மேலும் அள்ளிப் போடாதீர்கள். கண்ணில் பட்டால் நன்றாக எரியும், சிவக்கும். கசக்காமல் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவினால் சரியாகிவிடும். குழந்தையின் தலைக்கு இதைப் போடாதீர்கள். கைக்குழந்தைக்கு வெறும் வெதுவெதுப்பான தண்ணீரே போதும்.

கொங்குப் பக்கம் இருக்கிறவர்களுக்கு அரப்பு தெரிந்திருக்கும். உசில மரத்து இலையைக் காயவைத்துப் பொடித்தது. சந்தையில் பச்சையும் பழுப்புமாகக் குவித்து வைத்திருப்பார்கள். சீயக்காயைவிட மென்மையாக அழுக்கு எடுக்கும், வழவழப்பும் கூடவே வரும். வறண்ட, சுருட்டை முடிக்கு நான் சீயக்காயைவிட அரப்பைத்தான் சொல்வேன். தண்ணீரில் குழைத்தாலே போதும், வேறு எதுவும் சேர்க்கத் தேவையில்லை. நிறையக் கலப்படம் வருவதால் கொஞ்சம் வாங்கிக் கரைத்துப் பார்த்து, கொழகொழப்பு வருகிறதா என்று தெரிந்துகொண்டு அப்புறம் அதிகம் வாங்குங்கள்.

சரி, எண்ணெய்க்கு வருவோம். தேங்காய் எண்ணெய்க்கு நம் முன்னோர் கொடுத்த இடம் சும்மா கொடுத்ததில்லை. 2003-ல் ரெலே, மொஹிலே என்ற இரண்டு இந்திய ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் முடியில் தடவி ஒப்பிட்டார்கள். கழுவும்போதும் சீவும்போதும் முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைத் தேங்காய் எண்ணெய் மட்டும்தான் குறைத்தது. அதில் பாதியளவு இருக்கும் லாரிக் அமிலம் சின்ன, நேரான மூலக்கூறு. அதனால் இழைக்குள்ளே புகுந்துவிடுகிறது. மற்ற இரண்டும் மேலேயே நின்றுவிடுகின்றன. அதனால் எண்ணெயைக் குளிப்பதற்கு முன் தேய்ப்பதுதான் முடிக்கு லாபம். தண்ணீர் பட்டு முடி உப்பிச் சுருங்கும்போது ஏற்படும் சேதத்தை அது தடுக்கும். அரை மணி நேரம், ஒரு மணி நேரம் போதும். நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்பது உடம்புக்குத் தரும் சுகம் தனி. நுனி வெடிக்கிற முடிக்கு மட்டும் தேங்காய் எண்ணெய்தான். விளக்கெண்ணெயைத் தனியாகப் போடாதீர்கள். பிசின் மாதிரி கெட்டியானது, நீள முடியைச் சிக்காக்கி, அவிழ்க்கவே முடியாத சடையாகத் திரித்துவிட்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. நாலு பங்கு தேங்காய் எண்ணெய்க்கு ஒரு பங்கு, அதற்கு மேல் வேண்டாம்.

மூலிகை போட்டுக் காய்ச்சுவதானால், அரை லிட்டர் செக்குத் தேங்காய் எண்ணெய்க்குக் கரிசலாங்கண்ணி இரண்டு கைப்பிடி, கறிவேப்பிலை ஒரு கைப்பிடி, செம்பருத்திப் பூ ஏழெட்டு, வெந்தயம் ஒரு தேக்கரண்டி. இலைகளைக் கழுவி, நிழலில் ஒரு நாள் வாடவிடுங்கள். பிறகு தண்ணீர் விடாமல் அரைத்து, சின்னச் சின்ன வில்லையாகத் தட்டி வெயிலில் காயவைக்கலாம். நன்றாகக் காய்ந்த வில்லையை எண்ணெயில் அப்படியே போட்டுப் பத்துப் பதினைந்து நாள் வெயிலில் வைத்து எடுப்பது ஒரு முறை. அடுப்பே தேவையில்லை, எண்ணெயும் கருகாது. கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு இதுதான் தோது.

அடுப்பில் காய்ச்சினால் கவனம் முழுக்க அங்கேயே இருக்க வேண்டும். அகலமான இரும்புக் கடாயில் பாதிக்கு மேல் எண்ணெய் விடாதீர்கள், ஈரம் பட்டதும் பொங்கி எழும். சின்னத் தீ. அரைத்த விழுதைப் போட்டவுடன் சடசடவென்று சத்தமும் நுரையும் வரும், அது இலையில் உள்ள தண்ணீர் ஆவியாகும் சத்தம். கிளறிக்கொண்டே இருங்கள். போகப்போகச் சத்தம் அடங்கி, நுரை சின்னச் சின்னக் குமிழியாகும். அப்போது கரண்டியில் கொஞ்சம் கசடு எடுத்து, ஆறியதும் விரலில் உருட்டிப் பாருங்கள். மெழுகு மாதிரி உருண்டால் இறக்கும் நேரம் நெருங்கிவிட்டது. மணல் மணலாக உதிர்ந்தால் ஈரம் முழுக்கப் போய்விட்டது. சந்தேகம் இருந்தால் ஒரு பஞ்சுத் திரியை அந்த எண்ணெயில் நனைத்துக் கொளுத்துங்கள். படபடவென்று வெடிக்காமல் சீராக எரிந்தால் தண்ணீர் இல்லை. வைத்தியர்கள் காலங்காலமாகப் பார்க்கிற பரிசோதனை இது. இதைவிட நல்ல சோதனை வீட்டில் கிடையாது. மணல் பதம் தாண்டிக் கருகல் வாசனை வந்துவிட்டால் அந்த எண்ணெயைத் தலைக்கு வைக்காதீர்கள்.

ஆறிய பிறகு துணியில் வடிகட்டி, வெயிலில் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றுங்கள். பாட்டிலில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் சிக்கு வாடை சீக்கிரம் வந்துவிடும். எண்ணெய் நல்ல பச்சையாக இருக்கும். அது இலையின் பச்சையம், முடியை அது கறுப்பாக்காது. கரிசலாங்கண்ணிச் சாறு எலிகளுக்கு ரோம வளர்ச்சியைத் தூண்டியதாக ஆய்வுகள் இருக்கின்றன. அதை வைத்துக்கொண்டு நம் தலைக்கு உத்தரவாதம் தர முடியாது. நான் மூலிகை எண்ணெய் காய்ச்சுவது அதன் மணத்துக்காகவும், தேய்க்கும்போது தலை இலகுவாவதற்காகவும்தான்.

பூச்சூடமோ பச்சைக் கற்பூரமோ எண்ணெயில் போடச் சொல்வார்கள். உங்கள் வீட்டில் கூடாது. கற்பூரம் கைக்குழந்தைக்கு விஷம், வலிப்பு வரை கொண்டுபோகும். தாயின் தலைமுடியைப் பிடித்து வாயில் வைக்கும் வயசுக் குழந்தை அது.

பொடுகைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் அதற்கு நேர்மாறாக வைத்தியம் நடக்கிறது. செதில் செதிலாக உதிர்ந்து அரித்தால், ‘தலை வறண்டுவிட்டது, எண்ணெய் வை’ என்பார்கள். பொடுகுக்குப் பின்னால் இருப்பது மலாசீசியா என்ற பூஞ்சை. அது நம் தலைத்தோலின் எண்ணெயைத் தின்றுதான் வாழ்கிறது, நாம் தடவும் தாவர எண்ணெய்களின் கொழுப்பு அமிலங்களும் அதற்குத் தீனிதான். ராத்திரி முழுக்க எண்ணெய் ஊறவைத்தால் பெருகும். பொடுகு இருக்கும் வரை எண்ணெயை முடியின் நீளத்துக்கு மட்டும் தடவி, தலைத்தோலை விட்டுவிடுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும், பூஞ்சையை அடக்கும் 2 சதவீத கீட்டோகோனசோல் ஷாம்புவை மருத்துவரைக் கேட்டுச் சில வாரம் போட்டு, அடங்கிய பிறகு சீயக்காய்க்குத் திரும்பலாம். இயற்கை என்ற பிடிவாதத்தில் வேப்பிலையை அரைத்து அரைத்துப் போட்டு மாதக்கணக்கில் சொறிந்துகொண்டிருக்க வேண்டாம்.

மூன்றாவது, வழவழப்பு. செம்பருத்தி இலையைக் கசக்கி எடுக்கும் கொழகொழப்பான தாளிக்கு இணையாக எனக்கு எதுவும் தெரியாது. கேரளத்தில் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. சிவப்பு நாட்டுச் செம்பருத்தியில் இருபது இருபத்தைந்து இலை பறித்துக் கழுவி, ஒரு சொம்புத் தண்ணீரில் போட்டுக் கையாலேயே கசக்குங்கள். முதலில் வெறும் பச்சைத் தண்ணீராக இருக்கும். விடாமல் கசக்கினால் சில நிமிடத்தில் தண்ணீர் கனத்து, விரலைத் தூக்கினால் முட்டையின் வெள்ளைக்கரு போல நூலாக இறங்கும். துணியில் வடிகட்டி, சீயக்காய் அலசிய தலையில் விட்டு, ஐந்து நிமிடம் கழித்துக் கழுவினால் சிக்கு விரலாலேயே பிரிந்துவரும். மிக்ஸியில் அடித்தால் இலைத் துணுக்குத் தலையெல்லாம் ஒட்டும், கையால் கசக்குவதே நல்லது.

செம்பருத்தி கிடைக்காதவர்களுக்கு வெந்தயம். ராத்திரி ஊறவைத்து, காலையில் அரைத்து, வடிகட்டி எடுங்கள். அதில் உள்ள கொழகொழப்பு நல்ல கண்டிஷனர். வாசனை மட்டும் ஒரு நாள் கூடவே வரும். எந்த விழுதாக இருந்தாலும் இருபது நிமிடத்துக்கு மேல் தலையில் விட்டுக் காயவைக்காதீர்கள். காய்ந்து இறுகினால் கழுவும்போது முடிதான் உடையும். சோற்றுக் கற்றாழை போடுவதானால், மடலை வெட்டியதும் நிமிர்த்தி வைத்து மஞ்சள் பால் வடியவிட்டு, கழுவிவிட்டு ஜெல்லை எடுங்கள். அரிப்பு வருவது பெரும்பாலும் அந்த மஞ்சள் பாலால்தான்.

வேண்டாதவற்றையும் சொல்கிறேன். சமையல் சோடா காரம், சீயக்காயின் மொத்தப் பலனையும் கெடுக்கும். எலுமிச்சைச் சாறு நேரடியாகத் தலையில் தேய்த்து வெயிலில் போனால் தோல் கொப்பளிக்கும். கடைசி அலசலுக்கு ஒரு வாளித் தண்ணீரில் அரை மூடி பிழிந்தால் போதும். வெங்காயச் சாறு புழுவெட்டுக்கு நம் ஊரில் பழைய கைவைத்தியம். பாக்தாத்தில் நடந்து 2002-ல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்விலும் புழுவெட்டுச் சொட்டைக்குப் பலன் தெரிந்தது. அது அந்த நோய்க்கு மட்டும்தான். பிரசவத்துக்குப் பின் கொட்டும் முடிக்குத் தினமும் வெங்காயம் தேய்த்தால் எரிச்சலும் புண்ணும்தான் மிச்சம்.

எதுவாக இருந்தாலும் முதன்முதலாகப் போடுமுன் கொஞ்சம் குழைத்து முழங்கையின் உள்பக்கத்தில் தடவி இரண்டு நாள் பாருங்கள். சிவந்தால் அதை விட்டுவிடுங்கள்.

கெட்டுப்போவது பற்றி ஒரு கணக்கை மனசில் வையுங்கள்: தண்ணீர் கலந்தது எதுவும் நிற்காது. சீயக்காய்த் தூள் நிற்கும், காய்ச்சிய எண்ணெய் நிற்கும். தாளி அன்றைக்கே தீர வேண்டும். வெந்தய விழுதும் கற்றாழை ஜெல்லும் ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று நாள். சீயக்காயைக் கொதிக்கவைத்து வடித்துப் பாட்டிலில் அடைத்து, ‘ஹோம்மேட் ஷாம்பு, மூன்று மாதம் வைக்கலாம்’ என்று காட்டுகிறார்களே, அதை நம்பாதீர்கள். கெட்ட வாடை வருவதற்கு முன்பே அதில் கிருமி பெருகியிருக்கும். வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்து விட்டால் கெடாது என்பதும் தவறு. அது எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதைத் தள்ளிப்போடும், தண்ணீரில் வளரும் பாக்டீரியாவை ஒன்றும் செய்யாது. பிரிசர்வேட்டிவ் சேர்க்காமல் தண்ணீர்ச் சரக்கைப் பாட்டிலில் வைக்க வழி இல்லை.

ஷாம்புவிலிருந்து மாறும்போது முதல் சில குளியலில் முடி பிசுக்காகவோ முரடாகவோ தோன்றலாம். ஷாம்புவிலும் கண்டிஷனரிலும் இருந்த சிலிக்கோன் பூச்சு கழுவப்பட்டு, முடியின் சொந்தத் தன்மை வெளியே தெரிவதால் அப்படி இருக்கும். எண்ணெயைக் குறைவாக வைத்து, ஒவ்வொரு முறையும் தாளியோடு முடியுங்கள். நைந்த முடியை ஈரத்தில் சீவ வேண்டாம். இரவில் எழுந்து பால் கொடுக்கிற இந்த மாதங்களில் இதெல்லாம் செய்ய முடியவில்லை என்றால், மென்மையான ஷாம்புவே போட்டுக்கொள்ளுங்கள். அதில் ஒரு தவறும் இல்லை. தூளைப் பங்குனி, சித்திரை வெயிலில் நிதானமாகச் செய்துகொள்ளலாம்.

விற்பதைப் பற்றிக் கேட்டீர்கள். அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பது வேறு, காசு வாங்குவது வேறு. இந்தியாவில் அழகுசாதனப் பொருளைத் தயாரித்து விற்க, மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின்கீழ் மாநில அதிகாரியிடம் உரிமம் வாங்க வேண்டும். இப்போது நடைமுறையில் இருப்பது 2020-ம் ஆண்டின் அழகுசாதன விதிகள். வீட்டுச் சமையலறையில் காய்ச்சிய எண்ணெயை லேபிள் ஒட்டி விற்பதும் இதில் அடங்கும். ‘முடி வளரும்’, ‘சொட்டை நீங்கும்’ என்று எழுதினால் அது மருந்துக்கான வாக்குறுதி ஆகிவிடும், அதற்குச் சட்டம் இன்னும் கடுமை. ஆகவே முதல் ஒரு வருஷம் உங்கள் வீட்டுக்கு மட்டும் செய்யுங்கள். ஒவ்வொரு தடவையும் எந்தக் கடையில் வாங்கியது, எத்தனை நாள் காய்ந்தது, என்ன அளவு போட்டது, எத்தனை மாதம் கெடாமல் இருந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். உரிமத்துக்குப் போகும் நாளில் அந்த நோட்டு கையில் இருக்கட்டும். அன்றைக்கும் தூளும் எண்ணெயும் மட்டும் விற்றால் போதும், பாட்டில் ஷாம்பு பக்கம் போகாதீர்கள்.